மாப்பிள்ளை உயர்த்திய ஜீப்

1

ஊரிலிருந்து எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதி, வண்டியை எத்தனை இஞ்ச் தூக்கலாம் என்று கேட்பவை. கூடப் படித்தவர்கள், கூடப் படித்தவர்களின் மகன்கள், எப்போதோ தாடிக்கொம்புக் கல்யாணம் ஒன்றில் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் என்று எல்லோருக்கும் நான் பெர்த் நகரில் ஒரு பட்டறையில் இருப்பது தெரிந்துவிட்டது. காடு மேடு ஓடும் வண்டிகளுக்கு உயரமான ஸ்பிரிங்கும் பெரிய டயரும் மாட்டுவதுதான் எங்கள் பட்டறையின் தொழில். நலம் விசாரிப்பது கிடையாது. வண்டியின் போட்டோ வரும், அதன் கீழே ஒரே கேள்வி வரும்: "மூணா, நாலா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இங்கே கவுண்டருக்கு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது இஞ்சைப் பற்றி அல்ல. வண்டியில் யார் யார் ஏறுவார்கள், என்ன சுமை போகும், எந்தப் பாதையில் ஓடும் என்றுதான் கேட்பேன். ஸ்பிரிங்கை மூன்று இஞ்ச் உயர்த்தி டயரையும் பெரிதாக்கினால் வண்டியின் தளம் ஒரு கை அகலத்துக்கு மேல் எழும்பிவிடும். வளைவில் சாயும். பிரேக் பிடித்தால் தள்ளிப்போய் நிற்கும். மீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். வருகிறவர்களில் பெரும்பாலோர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதைத் தாண்டி எங்கும் போகாதவர்கள். ஆனாலும் அவர்களுக்கு மலை ஏறுகிற டயர் வேண்டும்.

அரசாங்கமும் லேசில் விடாது. அளவு தாண்டினால் எஞ்சினியர் கையெழுத்து, பரிசோதனை, மறுபடியும் பரிசோதனை. என் பெயர் சேவியர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சவரிமுத்து கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டதால் இந்த நாட்டு அலுவலகங்களிலும் பட்டறையிலும் என்னை மிஸ்டர் சவரிமுத்து என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிரேக் குழாய் சரியில்லை சவரிமுத்து, போய் மாற்றிக்கொண்டு வா சவரிமுத்து. செத்துப்போன மனிதர், ஆயுளில் சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டாதவர், அவர் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள். பல வருடமாகக் கேட்டும் எனக்கு இது பழகவில்லை.

ஆனால் இந்தக் குறிப்பு அவர்களைப் பற்றியது அல்ல. என் வீட்டாரைப் பற்றியது. அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

2

போன தடவை நான் ஊருக்குப் போனது அப்பாவுக்காகச் சர்ச்சில் வைத்த நினைவுத் திருப்பலிக்காக. அக்கா வீடு ஆத்தூருக்குப் போகும் வழியில், தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. வாசலில் நின்ற ஜீப்பை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அக்கா வீட்டுக்காரர், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், பல வருடங்களுக்கு முன் வாங்கிய பழைய ஜீப் அது. தேங்காய் ஏற்றும், உரமூட்டை ஏற்றும், நான் வந்தால் கொடைரோடு ஸ்டேஷனுக்கு வந்து என்னையும் ஏற்றிக்கொள்ளும். இப்போது அது என் இடுப்புயர டயர்களின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது.

"எப்படிங்க இருக்குதுங்க சித்தப்பா?" என்று கேட்டபடி மாப்பிள்ளை வந்தார். அக்கா மகள் ஸ்டெல்லாவின் கணவர், பெயர் அமல்ராஜ், ஒட்டன்சத்திரம்காரர். முறைப்படி நான் அவருக்குச் சித்தப்பா. அத்தானுக்கு உடம்பு முடியாமல் போன பிறகு தோப்பையும் ஜீப்பையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று பக்கத்துத் தெருவில் வாடகை வீடு.

நான் குனிந்து அடியில் பார்த்தேன். ஸ்பிரிங் வேலை மோசமில்லை. ஆனால் பிரேக் குழாய் விறைப்பாக இழுத்துக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் தகட்டில் உரசும். நான் பார்த்தபோதே உரசிய தடம் இருந்தது. நிமிர்ந்து, "நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றேன்.

எனக்கே என் வாய் மேல் ஆத்திரம் வந்தது. பெர்த்தில் ஒரு வாடிக்கையாளரிடம் இப்படிச் சொல்லியிருந்தால் என்னை வேலையை விட்டுத் துரத்தியிருப்பார்கள். ஆனால் கேட்டவர் மாப்பிள்ளை. எங்கள் வீடுகளில் மாப்பிள்ளை செய்த காரியத்தில் குறை இருக்காது. குழம்பில் உப்புக் கூடினால் அவர் சொல்லலாம். அவர் காரியத்தில் உப்புக் கூடினால் நாம் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிரிக்க வேண்டும்.

3

அத்தானுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் திண்டுக்கல்லுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். அதற்கு ஊசி போடுவதற்காக இடது முன்கையில் ரத்தக்குழாயை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, அதைப் பிடித்துத் தொங்கக் கூடாது. இதெல்லாம் எனக்குப் போனில் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை ஜீப்பில் வைத்துக் கூட்டிப்போய்க் கூட்டி வருகிறார், ஒரு சிரமமும் இல்லை என்றும் சொல்லியிருந்தார்கள்.

நான் போன இரண்டாம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே பின்பக்கம் வந்தேன். அக்கா ஒயர்கூடையோடும், அத்தான் இடது கை மேல் துண்டைப் போட்டுக்கொண்டும் தோப்பு வழியாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். வாசலில் ஜீப் நிற்கிறது. இவர்கள் பின்வழியில் போகிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்கக்கா நடந்து போறீங்க?"

"பஸ்ஸுக்குத்தான். ஒனக்கு இட்லி மூடி வச்சிருக்கேன், வெஞ்சனம் அடுப்புல இருக்கு. போயி சாப்டு" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.

அத்தான் மூச்சு வாங்க நின்றார். "பஸ்ல போனாத்தான் தம்பி நாலு மொகத்தப் பாக்கலாம். ஜீப்ல என்ன இருக்கு? நீங்க போங்க, வெயில்ல நிக்காதீங்க."

நான் வாயைக் கொப்பளித்துவிட்டு அதே லுங்கியோடு பின்னால் ஓடி அந்த பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் பழகியவர் போலிருக்கிறது, அத்தான் வலது கையால் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறும்வரை விசில் ஊதாமல் நின்றார். அத்தானை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சின்னாளபட்டி தாண்டும் வரை நான் விடவில்லை.

"ஒசத்துனதுக்கப்புறம் ஒரே ஒரு தடவதான் ஏறப் பாத்தாரு" என்றாள் தணிந்த குரலில். "எடது கையாலதான பிடிச்சு ஏறணும்? அந்தக் கையில பாரம் குடுக்க முடியாது. காலும் எட்டல. மாப்பிள்ளை உள்ள போயி சாவி எடுத்துட்டு வாரதுக்குள்ள, நான் இன்னிக்கு பஸ்ல போறேன்னு கெளம்பிட்டாரு. அம்புட்டுத்தான். அன்னையிலருந்து பஸ்தான்."

"மாப்பிள்ளைகிட்டச் சொன்னியா?"

"என்னன்னு சொல்ல? ஆசையா செஞ்சிருக்காரு. ஒங்க வேல எங்களுக்கு ஆகலன்னு சொன்னா அந்த மனுசன் என்ன நெனப்பாரு? கேட்டாரு, அவருக்கு பஸ்தான் பிடிக்கும்னுட்டேன். ஸ்டெல்லாவும் அதையேதான் சொல்லிருக்கா. நீ ஒண்ணும் வாயத் தொறந்துராத."

அன்று மத்தியானம் டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்த அத்தானைப் பார்த்தேன். பிழிந்து போட்ட துணியைப் போல் இருந்தார். பஸ் ஸ்டாண்டில் ஆத்தூர் பஸ்ஸுக்காக அந்த வெயிலில் நின்றோம். பஸ் வந்தபோது உட்கார இடம் இல்லை. கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். வீட்டில் அதே நேரம் ஒரு ஜீப் நிழலில் சும்மா நிற்கிறது. ஒரு உயிருள்ள மனிதரை மரியாதைக்காகச் சாகக் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். இதற்குப் பெயர் மரியாதையா? எனக்கு அந்த பஸ்ஸிலேயே கத்த வேண்டும் போலிருந்தது.

4

இரவு என் மகள் ஜெனி பெர்த்திலிருந்து பேசினாள். விஷயத்தைச் சொன்னேன். சொல்ல வேண்டியதுதானே, இதில் என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மாப்பிள்ளையிடம் அப்படிச் சொல்ல முடியாதும்மா என்றேன். ஏன் முடியாது? எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மாப்பிள்ளை என்றால் என்னவென்று விளக்கப் பார்த்தேன். கடைசியில் சண்டை போட்டுப் போனை வைத்தேன்.

அவளும் இப்போது எங்களோடு இல்லை. ஒரு பையனோடு தனியாக வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். கோயிலுக்கு வருவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். அந்தப் பையன் முதல் தடவை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது என்னை "சேவ்" என்று கூப்பிட்டான். நான் பார்த்துப் பார்த்து வைத்த மீன்குழம்பை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இது என்னால் முடியாது சேவ், வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். வளர்த்த வளர்ப்பைப் பார் என்று என் மனைவியிடம் ஒரு வாரம் புலம்பினேன். முட்டை பொரித்துக் கொடுத்தோம், ரசித்துச் சாப்பிட்டான் என்பதும் உண்மைதான். அன்றைக்கு அது என் கண்ணில் படவில்லை.

5

டயாலிசிஸ் இல்லாத ஒரு நாள், மாப்பிள்ளை என்னை ஆத்தூர் டேம் பக்கம் கூட்டிப்போனார். வண்டி எப்படி ஏறுகிறது என்று எனக்குக் காட்ட வேண்டுமாம். வழக்கமான பாதையை விட்டுவிட்டுப் பாறையும் முள்ளுமாக இருந்த கரை மேல் ஏற்றினார். ஏறியது, நன்றாகவே ஏறியது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். வாலிபப் பிள்ளை ஊருக்குக் காட்டப் பெரிய டயர் போட்டிருக்கிறது, அதற்கு ஒரு நோயாளி பஸ்ஸில் நிற்கிறார் என்று எனக்குள் பொங்கியது.

"மாப்பிள்ளை, வண்டிய நிறுத்துங்க" என்றேன். "இந்த மேட்டுல யாரு போகப்போறா? இதுல ஏற வேண்டிய ஆளு ஒருத்தருதான். அவரால ஏற முடியல. ஒங்ககிட்டச் சொன்னா வருத்தப்படுவீங்கன்னு வீடே சேந்து பொய் சொல்லிக்கிட்டு இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். இடது கை, எட்டாத கால், பின்வாசல், வெயில் எதையும் விடவில்லை. அவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். எதிரே அணையில் தண்ணீர் குறைந்து கிடந்தது.

"அப்ப மாமா நம்ம வண்டில ஏறாதது அதுக்குத்தானுங்களா?" என்றார். "கண்ணாலத்துல எங்கப்பா ஒரு பேச்சு பேசிப்போட்டாருங்க. அத மனசுல வெச்சுட்டுத்தான் மாமா நம்மள ஒதுக்குறாருன்னு நெனச்சிட்டிருந்தேனுங்க. ஸ்டெல்லாகிட்டக் கேட்டா, அப்பாவுக்கு பஸ்தான் பிடிக்கும்ங்கறா."

பிறகுதான் அவர் நடந்ததைச் சொன்னார். போன மழையில் தோப்புக்கு வரும் தரைப்பாலத்தில் தண்ணீர் போனது. அத்தானை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது ஜீப் நடுவில் நின்றுவிட்டது.

"எஞ்சினுக்குள்ள தண்ணி போயிருச்சுங்க. மாமாவத் தோள்ல போட்டுட்டு இடுப்பளவு தண்ணில கரைக்கு வந்தேனுங்க. அன்னிக்கு டயாலிசிஸ் தவறிப்போச்சு. அடுத்த நாள் வரைக்கும் மனுசன் மூச்சு விடப் பட்ட பாடு இருக்குதுங்களே... அதப் பாத்த பொறவுதானுங்க வண்டியத் தூக்கோணும்னு முடிவு பண்ணுனேன். பட்டறைல நாலு இஞ்ச் போடுன்னாங்க. மாமா ஏறோணும், மூணு போதும்னேனுங்க."

"அதுக்காகத்தான் வண்டியத் தூக்குனீங்கன்னு ஏன் மாப்பிள்ளை யாருட்டயும் சொல்லல?"

"நான் எதுக்குங்க சொல்லிக் காட்டோணும்?" என்றார். அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "ஏனுங்க சித்தப்பா, நானென்ன கல்லுங்களா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே சரி பண்ணியிருப்பனில்லீங்களா? அவரு வெயில்ல நிக்க, நான் வண்டியத் தொடச்சிட்டு இருந்திருக்கேன். நீங்களுந்தான, இதே தொழில்ல இருக்கறவரு, பாத்துப்போட்டு நல்லா இருக்குன்னீங்க!"

வாங்கிக்கட்டிக்கொண்டேன். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அந்தக் கோபம் எனக்குப் பிடித்துமிருந்தது. அந்த வீட்டில் அத்தனை பேரில் கோபப்படத் தெரிந்தவர் அவர் ஒருவராவது இருந்தாரே.

6

வண்டியை இறக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். தரைப்பாலத்துக்கு அந்த உயரம் வேண்டும். மறுநாள் காலையிலேயே பேகம்பூர் பக்கம் இருந்த பட்டறைக்குப் போனோம். இடது பக்கம் இரண்டடுக்குப் படி ஒன்று, மண் ஒட்டாமல் இருக்க வலைத்தகட்டில் செய்து வைக்கச் சொன்னேன். சீட்டுக்குப் பின்னால், வலது கையால் பிடித்து ஏறும்படி ஒரு கைப்பிடியை இரும்புக் குழாயில் பற்றவைக்கச் சொன்னேன். டயரில் ஒரு அளவு குறைத்தோம், உரசல் நின்றது. பிரேக் குழாயை நீளமாக மாற்றினோம். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்துவிட்டது. அத்தனை நாள் பஸ் பயணத்தைத் தவிர்க்க வேண்டியிருந்தது ஒரு படியும் ஒரு பிடியும்தான்.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை நேரே அத்தானிடம் போனார். "மாமா, நாளைக்கு பஸ் கெடையாதுங்க" என்றார். அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியா?" என்றாள். நான் ஏதோ வீட்டுச் சாமானை உடைத்துவிட்டதைப் போல அன்று ராத்திரி முழுக்க என்னிடம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் போட்டாள்.

காலையில் அத்தான் படியில் கால் வைத்தார், வலது கையால் பிடித்தார், ஏறினார், உட்கார்ந்தார். யாரும் தொடவில்லை. இடது கை துண்டுக்குள்ளேயே இருந்தது. நானும் அக்காவும் பின்சீட்டில் ஏறிக்கொண்டதும் மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். சந்தோஷத்தில் கொஞ்சம் வேகமாகவே போய்விட்டார் போலிருக்கிறது, தரைப்பாலத்துப் பள்ளத்தில் வண்டி தூக்கி அடித்தது.

"ஏலே!" என்று கத்தினார் அத்தான். "ஆள ஏத்திட்டுப் போறியா, தேங்காய ஏத்திட்டுப் போறியா? கண்ணு எங்கடா இருக்கு?"

அக்கா பதறிப்போய் அவர் தோளைப் பிடித்தாள். மாப்பிள்ளையை யாராவது ஏலே என்று கூப்பிடுவார்களா? மாப்பிள்ளை பிரேக் போட்டார், திரும்பினார், வாய்கொள்ளாமல் சிரித்தார்.

"தேங்காயா இருந்தா இன்னும் மெதுவாப் போயிருப்பேனுங்க மாமா."

அத்தானும் சிரித்துவிட்டார். அவர் சிரித்து முடித்துவிட்டுப் பின்சீட்டில் இருந்த என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒங்களுக்குப் பின்னால ரொம்பத் தூக்கிப் போடுதா? ஒரு ஏசி காரு சொல்லியிருக்கலாம். இதெல்லாம் ஒங்களுக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும்" என்றார்.

நான் வெளிநாடு போவதற்கு முன், பெட்ரோல் போடாமல் அவர் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தியதற்காக நடுரோட்டில் வைத்து என்னை நாய் பேய் என்று திட்டிய மனிதர் அவர். அன்றைக்கு அவர் அப்படி அக்கறையாக விசாரித்ததற்கு எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்வது?

7

பெர்த்துக்குத் திரும்பி, பழையபடி பட்டறை, பரிசோதனை, மிஸ்டர் சவரிமுத்து என்று ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் பேசுவோம். எல்லோரும் வரிசையாக வந்து சிரிப்பார்கள். இங்கே மழையா, அங்கே வெயிலா, சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொள்வோம். அத்தான் கட்டிலில் சாய்ந்தபடி கையை ஆட்டுவார். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த வாரம், ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது மாப்பிள்ளையிடமிருந்து செய்தி வந்தது. "உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அத்தை சொல்லியிருக்காங்க. எனக்கு மனசு கேக்கலீங்க சித்தப்பா. மாமாவுக்குக் கையில தைச்ச இடம் அடைச்சுப்போச்சுங்க. ஆஸ்பத்திரில சேத்து வலது கையில செஞ்சு, நேத்துத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். இப்பப் பரவால்லீங்க."

அப்படியே எழுந்து, கையைக்கூடத் துடைக்காமல் பட்டறைக்குப் பின்னால் போய் அக்காவைக் கூப்பிட்டேன். கத்தினேன். நான் யார் உங்களுக்கு என்று கேட்டேன். ஒரு மனிதர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், எனக்கு வாரா வாரம் சிரித்த முகம் காட்டுகிறீர்களா என்று கேட்டேன். மாப்பிள்ளையிடம் பொய் சொன்ன மாதிரி என்னிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களா, நான் என்ன விருந்தாளியா என்று கேட்டேன். உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், நான் நிறுத்தவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் அக்கா, கோவிச்சுக்காதப்பா, ஒனக்கு எதுக்கு வீண் கவல என்று சமாதானம் சொல்வாள்.

இந்தத் தடவை சொல்லவில்லை.

"ஆமாடா, சொல்லல" என்றாள். "சொன்னா என்ன செய்வ? வந்து ஒரு ராத்திரி ஆஸ்பத்திரில படுப்பியா? அம்மா கெடயில கெடந்தப்பவும் போன்லதான அழுத? ஒனக்கும் சேத்து ஆறுதல் சொல்ல எனக்குத் தெம்பு இல்லடா. அவரப் பாப்பனா, ஒன்னப் பாப்பனா? படி வச்சுக் குடுத்துட்டுப் போயிட்ட, சரி. தெனமும் அந்தப் படியில ஏத்தி எறக்குறது யாரு? நீயா? பெருசா விருந்தாளியான்னு கேக்குற. வந்தா நாலு நாளு, போனா நாலு வருசம், வேற என்ன பேரு வைக்கிறது ஒனக்கு?"

அவள் விடவில்லை. அம்மா நகையில் ஆரம்பித்து, அப்பா திருப்பலிக்கு வந்த இடத்தில் நான் லுங்கியோடு பஸ்ஸில் ஏறி ஆஸ்பத்திரியில் வந்து நின்றது வரை, அத்தனை வருடம் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் எடுத்துத் திட்டினாள். மூச்சு வாங்கியபோது நிறுத்தி, மறுபடி திட்டினாள். எனக்குக் கண்ணீர் வந்தது. உள்ளே முதலாளி என் பெயரைச் சொல்லி, இல்லை, அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா திட்டி முடிக்கும்வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.